கோடு பச்சையாகட்டும்

என் கல்யாண வீடியோ என் கைக்கு வந்தபோது என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். வீடியோ எடுப்பதுதான் என் தொழில். அதை எடிட் செய்தவரோ நான் வேலை பார்த்த அதே ஸ்டுடியோவில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. இதை வீட்டில் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் முடிச்சுக் குடுக்குதிய, நம்ம கல்யாணம் மட்டும் இன்னும் முடியலையோ?" என்று என் மனைவி கேட்பாள். நான் போய் அக்காவிடம் கேட்பேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"கோடு பச்சையாகட்டும் தம்பி."

கோவில்பட்டியில், பூச்சிமருந்துக் கடைக்கு மேலே ஒரு மாடியில் இருந்தது எங்கள் ஸ்டுடியோ. மாடிப்படி முழுக்க மருந்து நெடி அடிக்கும். முதலாளி, அக்கா, நான், மூன்று பேர்தான். முதலாளி கடைவீதியில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பத்துக்காரர். வந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அவருக்குப் பாவம் மாதிரி. நான் கேமரா. அக்கா எடிட்டிங். வந்த ஆளையெல்லாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது. எடிட்டிங் செய்யும் கம்ப்யூட்டர் திரையின் அடிப்பாகத்தில் நீளமாக ஒரு பட்டை கிடக்கும். டைம்லைன் என்போம். படத்துண்டு, பாட்டு, எழுத்து என்று எல்லாவற்றையும் அதில் வரிசையாகவும் ஒன்றின்மேல் ஒன்றாகவும் அடுக்குவோம். அதன் தலைமாட்டில் நூல் கனத்தில் ஒரு கோடு ஓடும். சிவப்பு என்றால், இந்த இடத்தில் வேலை அதிகம், அப்படியே ஓட்டினால் திக்கும் என்று மிஷின் சொல்கிறது. மஞ்சள் என்றால் திக்காமலும் ஓடலாம். ரெண்டர் கொடுத்துவிட்டால் மிஷின் அந்த இடத்தை முன்கூட்டியே ஒவ்வொரு படமாகத் தயார் செய்து வைத்துக்கொள்ளும், கோடு பச்சையாகிவிடும், எண்ணெய் தடவினாற்போல ஓடும். படம் தெரிகிற கட்டத்துக்குக் கீழே ஒரு பொட்டு விளக்கும் உண்டு. ஓட்டும்போது நடுவில் ஏதாவது படம் விட்டுப்போனால் பச்சையாக இருக்கும் பொட்டு மஞ்சளாகும்.

இவ்வளவுதான் விஷயம். ஊரில் உள்ள மற்ற எடிட்டர்கள் எல்லாம் சிவப்பிலேயே ஓட்டிப் பார்ப்பார்கள். திக்கினால் திக்கட்டும், கடைசியாக எடுக்கிற பைலில் சரியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலை சீக்கிரம் முடியும்.

அக்காவுக்கும் அது தெரியும். அவர் ஒன்றும் அறியாதவர் இல்லை. ஆனால் "சிவப்புல பாத்தது பாத்ததுல சேராது" என்பார். இரண்டு துண்டை ஒட்டுவார், ரெண்டர் கொடுப்பார். கையைக் கட்டிக்கொண்டு கோடு பச்சையாகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் ஓட்டிப் பார்ப்பார். கண்ணைப் படத்தில் வைப்பாரா என்றால் அதுவும் இல்லை, பொட்டு விளக்கில் ஒரு கண். அது பச்சையாகவே இருந்தால்தான் அடுத்த வேலை. சாப்பாட்டு நேரத்தில் ரெண்டர் ஓடினால் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் அவர் கோட்டின் முன்னால் தவமிருப்பார்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பச்சையான இடத்தில் எதையாவது சின்னதாக மாற்றினால் போதும், அது திரும்பவும் சிவப்பாகிவிடும். தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் தன் அறுபதாம் கல்யாண வீடியோவைப் பார்க்க வந்தார். எல்லாம் பச்சை. அவரும் பார்த்தார், சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது, "எம் பேரு ஓரத்துல வருதுல்லா, அதைக் கொஞ்சம் பெருசாக்கிரும்மா" என்றார். அந்தப் பெயர் வீடியோ முழுக்க ஓரத்தில் வருவது. அக்கா பெரிதாக்கினார். இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை கோடு சிவந்துவிட்டது.

"சரிம்மா, நான் வாரேன்."

"உக்காருங்க அண்ணாச்சி. பேரு பெருசாகி இன்னும் நீங்க பாக்கலை."

"அதான் இப்ப பெருசாத் தெரிஞ்சதே, பாத்தனே."

"நீங்க பாத்தது சிவப்புல."

கம்பெனியில் நூற்றுக்கணக்கான பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார். வாசலில் அவருடைய டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏலே, அந்தம்மாட்டச் சொல்லு, நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கா" என்றார். நான் சொன்னால் மட்டும் கேட்பாரா?

இன்னொரு தடவை என்னையே மாட்டிவிட்டார். ஒரு கிராமத்து மாதா கோவில் தேர்ப்பவனியை நான் எடுத்திருந்தேன். பங்குச் சாமியார் வந்து உட்கார்ந்ததும் அக்காவை முந்திக்கொண்டு நானே ஓட்டிக் காட்டியபோது, தேர் திரும்புகிற இடத்தில் படம் ஒரு குலுக்குக் குலுக்கியது. கோடு சிவப்பாக இருந்ததால், அது மிஷின் திக்குவது என்றுதான் நானும் நினைத்தேன். "இது ஓட்டுறதுல உள்ள கோளாறு ஃபாதர், பைல்ல வராது" என்றேன். அக்கா அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டர் கொடுத்தார். பச்சையானதும் ஓட்டினார். பொட்டு விளக்கு அசையவில்லை. படம் அதே இடத்தில் அதே மாதிரி குலுங்கியது. சாமியார் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இது மிஷின் கோளாறு இல்ல ஃபாதர். இந்தத் தம்பி கல்லு தடுக்கி விழப் போயிருக்கான்."

சாமியார் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் போனதும், "இதைச் சொல்லித்தான் ஆகணுமாக்கா?" என்று கேட்டேன்.

"எது ஓட்டுறதுல உள்ள கோளாறு, எது படத்துலயே உள்ள கோளாறுன்னு பிரிச்சுச் சொல்லாட்டி நான் என்னத்துக்கு இங்கன உக்காந்திருக்கேன்?" என்றார். என் எரிச்சல் மட்டும் குறையவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் வளைகுடாவில் ஏதோ ஒரு நாட்டில் ஏசி மெக்கானிக். மதியம் வீடியோ கால் வரும். நம்மில் யாராக இருந்தாலும் படம் உறைந்தால் என்ன, சத்தம் அறுந்தால் என்ன, கிடைத்ததைப் பேசுவோம். அக்கா பேசமாட்டார். "உங்க வாய் அசையுது, பேச்சு பிந்தி வருது. வச்சிட்டு மறுபடி போடுங்க" என்பார். மறுபடி வரும். "இப்ப மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது. வச்சிட்டுப் போடுங்க." அந்த மனிதர் சாப்பாட்டு நேரம் முழுவதும் போன் போட்டே ஓய்ந்துபோவார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் அவர் ஏதோ சொல்ல, அது அறுந்து அறுந்து வந்தது. எனக்கே புரிந்துவிட்டது, இந்தக் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்கு வரவில்லை என்கிறார். அக்கா, "சரியாக் கேக்கலை, வச்சிட்டுப் போடுங்க" என்றார். மறுபடியும் அதே சொல் அறுந்து வந்தது. மறுபடியும் வைக்கச் சொன்னார். கடைசியில் படமும் குரலும் தெளிவாகச் சேர்ந்து வந்தது. வரவில்லை என்பதை அவர் முழுசாகச் சொன்னார். அக்கா முழுசாகக் கேட்டார். "சரி" என்று வைத்துவிட்டு, ஏற்கனவே பச்சையாக இருந்த ஒரு இடத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு நான் என் கல்யாண வீடியோவைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது அவர் ஊரில் இல்லை. வீட்டுக்காரர் ஒருவழியாகத் திரும்பி வந்து, குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அவர் போன பிறகு எங்கள் ஸ்டுடியோவில் வேலை வேகமாக நடக்கிறது. யாரும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவதில்லை.

அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது நாகலாபுரத்து மாமன் விஷயத்தைத்தான்.

கோவில்பட்டியில் நடந்த ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் நாகலாபுரத்துப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிறவர். அவருக்கும் பெண்ணின் அப்பாவுக்கும், அதாவது தங்கச்சி புருஷனுக்கும், ஒரு நிலத்தகராறில் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கச்சி போய் அழுது அழைத்ததால் கல்யாணத்துக்கு வந்து, மணமேடை ஏறி, பெண்ணுக்கு மாமன் மாலை போட்டார். நான்தான் எடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

வீடியோ பார்க்கக் குடும்பமே ஸ்டுடியோவுக்கு வந்தது. மாமனும் வந்திருந்தார், உர மூட்டை வாங்கக் கோவில்பட்டி வந்தவர். அக்கா அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். "அந்தம்மா வந்துரட்டும்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். முதலாளி கேட்கவில்லை. "வந்த ஜனத்தை உக்கார வச்சுக் கோட்டைக் காட்டவா?" என்று அவரே போய்த் தட்டிவிட்டார்.

மாமன் மாலை போடுகிற இடத்தில் அக்கா மெதுவோட்டம் கொடுத்து, பூ உதிர்கிற மாதிரி மேலே ஒரு படமும் ஏற்றியிருந்தார். மிஷினுக்குக் கனமான இடம், ரெண்டர் கொடுக்குமுன் அவர் கிளம்பவேண்டி வந்துவிட்டது. கோடு அங்கே ரத்தச் சிவப்பு. திரையில் மாமன் மாலையோடு மேடை ஏறினார். படம் நின்றது. பொட்டு மஞ்சளானது. அடுத்து ஓடியபோது பெண் கழுத்தில் மாலை கிடக்கிறது, மாமன் படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார்.

மாமன் எழுந்தார். தங்கச்சி புருஷனைப் பார்த்தார்.

"எங் கையை மட்டும் வெட்டச் சொல்லிட்டீரோ?"

"நான் எதுக்கு வெட்டச் சொல்லுதேன்?"

"பின்ன யாரு சொன்னா? எல்லாம் வருது, நான் போட்டது மட்டும் எங்க போச்சு?"

முதலாளி, "அண்ணாச்சி, இது சிவப்புக் கோடு, ரெண்டர் பண்ணினா வந்துரும்" என்று நடுவில் விழுந்தார். கோபத்தில் இருக்கிற மனிதனிடம் இந்தப் பேச்சு எடுபடுமா? அவர் மருந்து நெடி அடிக்கிற படியில் தடதடவென்று இறங்கிப் போய்விட்டார். தங்கச்சி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தாள்.

சில மாதம் கழித்து அந்தத் தங்கச்சி தனியாக மாடியேறி வந்தாள். மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் வந்து மாலை போட வேண்டும். போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார். வீடியோவை அனுப்பினால் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எம் மக மாமன் வராம மணையில உக்கார மாட்டேங்கா" என்று அழுதாள்.

முதலாளி என்ன செய்வார் பாவம், காபி வாங்கிக் கொடுத்தார். அக்கா லேப்டாப்பைப் பையில் வைத்தார்.

"தம்பி, வண்டியை எடு."

"எங்க?"

"நாகலாபுரத்துக்கு."

"அது அவிய குடும்பச் சண்டைக்கா. நமக்கு எதுக்கு?"

"அவரு நான் வெட்டிட்டேன்னு சொல்லிட்டுத் திரியுதாரு. நான் வெட்டலை."

ஐப்பசி மழை விட்டு வெறித்த காலை. எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளம் வழியாகப் போனோம். தார் ரோடு இருந்த வரைக்கும் கஷ்டமில்லை. ஊருக்குள் திரும்புகிற மண்பாதையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகி, வண்டி நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, லேப்டாப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஒவ்வொரு காலும் பனங்கட்டை கனம் கனத்தது. வழி முழுக்க முதலாளியைத் திட்டினேன், அவர் காதில் விழவேண்டியது அக்கா காதில்தான் விழுந்தது.

மாமன் கொட்டகையில் உட்கார்ந்து கலப்பைக் கொழுவில் ஒட்டின மண்ணைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ன, வெட்டாம மிச்சம் கிடக்கோ? அதையும் வெட்டிட்டுப் போக வந்தியளா?"

"நான் வெட்டலை அண்ணாச்சி. அதைக் காட்டத்தான் வந்தேன்."

டிவியில் போடலாம் என்று பென் டிரைவ் கொண்டுவந்திருந்தோம். மழையில் ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. சரி, லேப்டாப். அது ஸ்டுடியோவிலேயே பழையது. பேட்டரியில் ஓடும்போது தவழும், முடிந்த பைல்கூட அதில் திக்கும். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. அக்கா கவனிக்கவில்லை. ஓட்டினார். மாமன் மாலையோடு மேடை ஏறினார். படம் நின்றது. அடுத்து, மாலை பெண் கழுத்தில்.

"பாத்தியளா! பாத்தியளா!" மாமன் குதித்தார். "இங்கயும் அதேதான! ஊர் தாண்டி வந்து என்னைக் கேலி பண்ணுதியளோ?"

நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாமனின் வீட்டுக்காரம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். அக்கா மட்டும் எதுவும் நடக்காதது போல லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"ஓட்டினாத்தான அண்ணாச்சி முழுங்குது? ஓட்ட வேண்டாம். இந்தா, இந்த அம்புக்குறிய நீங்களே ஒரு தட்டுத் தட்டுங்க. ஒரு தட்டுக்கு ஒரு படம் நகரும். எதுவும் தப்பிச்சுப் போகாது."

அவர் விரலைத் துண்டில் துடைத்தார். தட்டினார். விரல் தட்டிக்கொண்டே இருக்க, திரையில் அவருடைய கால் ஒரு படி ஏறியது. தட்டினார். கை மாலையைத் தூக்கியது. பெண் தலையைக் குனிந்தாள். மாலை அவள் ஜடையில் வைத்திருந்த பூவில் மாட்டிக்கொண்டது. மாமன் இரண்டு விரலால் அதை மெதுவாக விடுவித்தார். சில நொடியில் நடக்கிற காரியம், அங்கே தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது.

"சடையில மாட்டிக்கிட்டு" என்றார் மாமன் மெதுவாக. "நான்தான் எடுத்துவிட்டேன்."

"இருக்குதுல்லா? நான் வெட்டினேனா?"

அவர் விரலை எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"எம்மா, நான் மாலை போட்டது எனக்குத் தெரியாதா? அதை நீ வந்தா காட்டணும்? அன்னைக்கு நான் கோவிச்சுக்கிட்டு இறங்கி வந்தேன்லா, எந் தங்கச்சி அந்த மாடிப்படி வரைக்கும் வந்து 'இருண்ணே'ன்னு ஒரு சொல்லு சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் வாசல்ல வந்து நிக்கலை. போன் போடுதா, படம் அனுப்புதா. போன் யாரு வேணாலும் போடலாம்."

எனக்கு அந்த மண்ணிலேயே விழுந்து புரளலாம் போல இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம்? கோடும் இல்லை, பொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன். அக்கா எழவில்லை.

"அது உங்க குடும்ப விஷயம் அண்ணாச்சி. நான் வெட்டலைன்னு ஒத்துக்கிடுதியளா?"

"ஒத்துக்கிடுதேன் தாயி."

"முழுசாப் பாக்காம எப்படி ஒத்துக்கிடுதிய? மிச்சத்தையும் தட்டுங்க."

அந்த மனிதரும் தட்டினாரே! அவருடைய வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மாமன் படியிறங்குகிற இடத்தில் ஓரமாகத் தங்கச்சி நின்றிருந்தாள். "உங்க தங்கச்சி என்ன, இப்படி வத்திப்போயிட்டா?" என்றாள் அந்தம்மா. மாமன் அதற்குப் பிறகு தட்டவில்லை. பேட்டரி தீர்ந்து திரை அணைகிற வரைக்கும் அந்தப் படத்திலேயே இருந்தார்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வந்ததும் அக்கா போனை எடுத்தார். தங்கச்சிக்குத்தான். "போன் போடாதிய. படம் அனுப்பாதிய. இன்னைக்கே பஸ் ஏறிப் போய் உங்க அண்ணன் வாசல்ல நில்லுங்க... வீட்டுக்காரரு என்ன சொன்னா என்ன? மண்ணு ஒட்டும், செருப்பைக் கழத்திட்டு நடங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ நான்தான் அவரை இந்த வம்புக்குள் இழுத்துவிட்ட மாதிரி.

தங்கச்சி போயிருக்கிறாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வளைகாப்பு அன்றைக்கு மாமன், வீட்டுக்காரம்மா, சேலை, பழத்தட்டு, மாலை எல்லாம் சேர்ந்து வேனில் வந்து இறங்கியது. தங்கச்சி புருஷன் வாசலுக்கு வந்து "வாங்க" என்றார். மாமன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதுவே பெரிது.

அக்காவும் வந்திருந்தார். எடிட்டர்கள் பொதுவாக விசேஷங்களுக்கு வருவதில்லை; நான் அவரைப் பட்டுச்சேலையில் பார்த்ததே அன்றுதான். என் கேமராவுக்குப் பின்னால், ஒரு தூணோரமாக நின்றார்.

மாமன் மாலையை இரண்டு கையாலும் தூக்கினார். பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். மாமன் போடவில்லை. கையைத் தூக்கியபடியே கேமராவைப் பார்த்தார்.

"ஏ தம்பி, ஓடுதா? திக்காம ஓடுதா?"

"ஓடுது, போடுங்க அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. மண்டபமே காத்திருக்கிறது. நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். தங்கச்சி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மாமன் என்னைத் தாண்டி, தூண் பக்கம் பார்த்தார்.

"போடுங்க அண்ணாச்சி" என்றார் அக்கா. "நான் பாத்துக்கிட்டுதான் நிக்கேன்."

அதற்குப் பிறகுதான் போட்டார்.